மண்ணின் அடுக்குகள்



பிழைப்பை நாடி வந்த ஊரில் வாழும் நம்மிடம் அடிக்கடி எழுப்பப்பெறும் வினா ஒன்றுண்டு. "நீங்கள் இங்கு எப்போது வந்தீர்கள்?" என்பதே அது. பாட்டனார் காலத்தில் என்பார் நம்முள் சிலர். சென்ற ஆண்டு என்பார் வேறு சிலர். இவ்வினாவை மனிதரிடம் கேளாது மண்ணிடமே கேட்டால் என்ன விடை கிடைக்கும் என்பதை இன்று சற்றே சிந்திப்போமாக.

அதற்கு ஏற்ற இடம் நாம் வாழும் இம்மாநிலத்திலேயே உள்ளது. சித்திரதுர்க்க மாவட்டத்து மொளகால்மூரு வட்டத்திலே பிரம்மகிரி என்னும் பாறைக்குன்று இருக்கின்றது. அங்கே 1892இல் பி. எல். ரைஸ் என்னும் அறிஞர் அசோகனுடைய பாறைக் கல்வெட்டைக் கண்டறிந்தார். 'இசில' என்னும் ஊர்ப்பெயர் அதிலே காணப்பெற்றது. 1940களின் தொடக்கத்தில் மைசூர்த் தொல்லியல் துறையைச் சார்ந்த எம். எச். கிருஷ்ணா அக்குன்றின் அடிவாரத்தை அகழ்ந்தார். பின்னர் 1947இல், இந்தியத் தொல்லியல் துறையின் தலைமை இயக்குநராக விளங்கிய மார்ட்டிமர் வீலர் அவ்விடத்தை முறைப்படி அகழ்ந்து ஆராய்ந்தார்.

அம்முறை யாது? பொங்கல்தோறும் நம் வீட்டுச் சுவருக்கு வண்ணம் பூசுகின்றோம். பல்லாண்டுகளுக்குப் பின் அச்சுவரைச் சுரண்டினால் இவ்வாண்டின் நீலத்திற்குக் கீழே சென்ற ஆண்டின் மஞ்சளும், அதற்குங்கீழே பழைய வெள்ளையும் தோன்றுமன்றோ? மக்கள் வாழ்ந்த மண்ணும் அத்தகையதே. இடிந்த சுவரும், அடுப்புச் சாம்பலும், உடைந்த பானையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. அகழ்வோர் நிலத்தைச் சதுரம் சதுரமாக வகுத்து, இடையிடையே வெட்டப்படாத மண்வரம்புகளை விட்டு, ஒவ்வோர் அடுக்காக நீக்குவர். எந்தப் பொருள் எந்த அடுக்கிற் கிடந்தது என்பதை உடனுக்குடன் எழுதி வைப்பர். பிற்காலத்தார் வெட்டிய குழியொன்று பழைய அடுக்கைத் துளைத்துச் சென்றிருந்தால் அதனையும் வேறாகப் பிரித்தறிவர். இன்றேல் நேற்றைய பொருள் முன்னைய பொருளோடு கலந்துவிடும்.

இவ்வாறு அகழ்ந்தபோது பிரம்மகிரியில் மூன்று காலத்து வாழ்க்கை வெளிப்பட்டது. அடியிலே தீட்டி மெருகேற்றிய கற்கோடரிகளும், பெரும்பாலும் கையால் வனைந்த மட்கலங்களும் கிடைத்தன. இறந்த குழந்தைகளைத் தாழிகளில் இட்டுப் புதைத்திருந்தனர் அம்மக்கள். அதற்குமேல் இரும்புக் கருவிகளும், கறுப்பும் சிவப்புமாய்ச் சுட்ட கலங்களும் வந்தன. பெருங்கற்களை வட்டமாக நாட்டியும், பலகைக் கற்களால் அறை அமைத்தும் இறந்தோரை அடக்கியவர்கள் இவர்களே. அதற்கும் மேலே, சாதவாகனர் காலத்தை ஒட்டிய, வெண்கோடுகள் தீட்டிய செந்நிறக் கலங்கள் இருந்தன.

இவற்றிற்குக் காலம் குறிக்க வீலருக்குத் துணைநின்றது, 1945இல் அவர் அகழ்ந்த புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு ஆகும். ஆயினும் அவர் குறித்த ஆண்டுகள் நிலைக்கவில்லை. பெருங்கற் காலத்தை அவர் கி.மு. 200 அளவில் தொடங்கினார். பின்வந்த கரிமக் கதிரியக்கக் கணிப்பு, தென்னாட்டில் இரும்பு அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே வழங்கியதென்றும், கற்கோடரி மக்கள் கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டிலேயே வாழ்ந்தனரென்றும் காட்டிற்று. ஆண்டுகள் மாறின, அடுக்குகளின் வரிசை மாறவில்லை. உள்ளது உள்ளவாறு எழுதி வைத்ததன் பயன் அதுவேயாகும்.

அன்பர்களே, அவ்வகழ்வில் நாம் கருதத்தக்க செய்தி மற்றொன்றும் உண்டு. ஓரடுக்கு முடிந்த இடத்திலே மற்றோர் அடுக்கு கோடு கிழித்தாற்போலத் தொடங்கவில்லை. பழைய கற்கோடரியும் புதிய சிவப்புக் கறுப்புக் கலமும் இடையடுக்கில் ஒருங்கே கிடந்தன. புதியது புகுந்தபோது பழையது ஒரே நாளில் மறைந்துவிடவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? அக்கறுப்புச் சிவப்புக் கலங்கள் ஆதிச்சநல்லூரிலும் கிடைத்தன, கீழடியிலும் கிடைத்தன. அவற்றை வனைந்தோர் என்ன மொழி பேசினர் என்பதைப் பானை மட்டும் சொல்லாது. நாமும் அதன் வாயிலே நம் விருப்பத்தைத் திணித்தலாகாது.

நாம் குடியிருக்கும் பெங்களூரும் இவ்வாறு அடுக்கடுக்காய் அமைந்ததே. யஷ்வந்தபுரத்தில் உரோமப் பேரரசர்களின் வெள்ளிக் காசுகள் கிடைத்தன. ஏறத்தாழ கி.பி. 750ஐச் சார்ந்த, கிட்டய்யன் என்னும் வீரனைக் குறித்த கன்னட நடுகல் ஹெப்பாளத்தில் 2018இல் வெளிப்பட்டது. பேகூரிலுள்ள ஏறத்தாழ கி.பி. 890ஆம் ஆண்டுக் கன்னடக் கல்வெட்டு 'பெங்களூரு' என்னும் பெயரையே தாங்கி நிற்கின்றது. தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலிலும் மடிவாளம் சோமேசுவரர் கோயிலிலும் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. கன்னடமும் தமிழும் ஒரே ஊர்க்கல்லில் அடுத்தடுத்து எழுதப்பெற்றிருக்க, அவ்விரண்டையும் பேசுவோர் பகைத்து நிற்றல் தகுமோ?

ஆயினும் இவ்வேட்டின் பக்கங்கள் நாள்தோறும் கிழிகின்றன. ஏரிக்கரையும் வயலும் மனைகளாகின்றன; கல்லுடைப்போர் கைபட்டுப் பெருங்கல் வட்டங்கள் சல்லியாகின்றன; நடுகற்கள் துணி துவைக்கும் கற்களாகின்றன. ஒரு கல்லை அரும்பொருளென்று வீட்டிற்கு எடுத்து வருவதும் அழிவே. கிடந்த இடம் தெரியாத பொருள் முகவரி கிழிந்த கடிதத்திற்கு ஒப்பாகும்.

ஆதலின் நம் சங்கத்துக் குடும்பங்களிடம் வேண்டுவது இது. வீட்டிற்குக் கடைக்கால் தோண்டும்போதோ, கிணறு வெட்டும்போதோ எழுத்துள்ள கல்லோ, பழந்தாழியோ தென்பட்டால் வேலையை நிறுத்துங்கள். அசைக்காமல் படம் எடுங்கள். தொல்லியல் துறைக்கு அறிவியுங்கள். கல்லில் உள்ளது தமிழாயினும் கன்னடமாயினும் ஒன்றுபோலக் காப்பாற்றுங்கள். விடுமுறையில் பிள்ளைகளைத் தொம்மலூருக்கும் பேகூருக்கும் அழைத்துச் சென்று, இரண்டு எழுத்துகளையும் காட்டுங்கள்.

எப்போது வந்தீர்கள் என்று மண் எவரையும் கேட்பதில்லை. எதை விட்டுச் செல்கின்றீர்கள் என்பதையே அது குறித்து வைக்கின்றது. நம் அடுக்கை அகழ்வோர் ஒருநாள் வருவர். அன்று, கீழே இருந்ததைக் கெடுக்காமல் வாழ்ந்தவர்கள் இவர்கள் என்னும் நற்பெயர் நமக்குக் கிடைக்குமாக.