வயிறு சிறுத்த பிறகு: எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பின் சாப்பாடும் அன்றாட வாழ்க்கையும்

(எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் அவர்களது குடும்பத்தினருக்கும் அரசு மருத்துவமனை ஒன்றில் நடந்த வழிகாட்டுதல் கூட்டத்தில் உணவியல் நிபுணர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முன்வரிசையில் அறுவை சிகிச்சை முடித்தவர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். பின்வரிசையில் அவர்களை அழைத்து வந்த அம்மா, அக்கா, மனைவி, கணவர் எல்லாரும் இருக்கிறீர்கள். இன்றைக்கு நான் பேசப்போவதில் பாதி பின்வரிசைக்குத்தான். ஏனென்றால் அறுவை அரங்கில் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகான வேலை உங்கள் வீட்டு அடுப்படியில்தான் நடக்கிறது, அதுவும் ஆயுசுக்கும்.

முதலில் உள்ளே என்ன மாறியிருக்கிறது என்று தெரிந்துகொள்வோம். 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையின் சுமார் 75 முதல் 80 சதவீதம் வரை அகற்றப்படுகிறது. மிச்சம் இருப்பது வாழைப்பழம் போல ஒரு குறுகிய குழாய். 'பைபாஸ்' முறையில் இரைப்பையின் மேல்பகுதியில் சுமார் 30 மில்லி கொள்ளும் சின்னப் பை ஒன்றை உருவாக்கி, அதை நேராகச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். 30 மில்லி என்றால் இரண்டு மேசைக்கரண்டி. உங்களுக்கு எந்த முறை என்பதை நீங்களும் வீட்டில் ஒருவரும் மனப்பாடமாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். வேறு எந்த மருத்துவரிடம் போனாலும் அதுதான் முதல் கேள்வி.

படிப்படியாகத்தான் சாப்பாடு

முதல் சில நாட்கள் தெளிந்த திரவம் மட்டும்: தண்ணீர், வடிகட்டிய காய்கறி சூப், சர்க்கரை போடாத பானம். பிறகு சுமார் இரண்டு வாரம் பால், மோர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், மருத்துவமனையில் சொன்ன புரதப் பொடி. மூன்றாவது, நான்காவது வாரங்களில் மசித்த உணவு: குழைய வெந்த பருப்பு, மசித்த முட்டை, தயிர். அடுத்து மென்மையான உணவு. ஆறிலிருந்து எட்டு வாரம் ஆன பிறகுதான் வழக்கமான உணவு. மருத்துவமனைக்கு மருத்துவமனை இதில் ஓரிரு வாரம் முன்பின் இருக்கும். உங்கள் கையில் கொடுத்த தாள்தான் உங்களுக்குச் சட்டம்.

"பத்து நாள் ஆச்சு, நல்லாத்தானே இருக்கேன், ஒரு இட்லி சாப்ட்டா என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. உள்ளே தையல் போட்ட இடம் ஆறிக்கொண்டிருக்கும் நேரம் அது. வெளிக்காயம் ஆறிவிட்டதை வைத்து உள்காயத்தைக் கணக்குப் போடக் கூடாது.

தட்டில் முதலில் புரதம்

நமது சாப்பாட்டில் சோறு நடுவில் இருக்கும், மற்றதெல்லாம் அதற்குத் துணை. இனி இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் புரதம், அடுத்து காய், இடம் மிச்சம் இருந்தால் இரண்டு வாய் சோறு. நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் தேவை. அது குறைந்தால் எடையோடு சேர்ந்து தசையும் கரையும். எழுந்து நடக்கவே தெம்பு இருக்காது.

இரண்டு மூன்று மாதம் கழித்து ஒரு நாள் சாப்பாட்டைக் கணக்குப் பார்ப்போம். காலையில் இரண்டு முட்டை, 12 கிராம். பதினோரு மணிக்கு 200 மில்லி பால், 6 கிராம். மதியம் 75 கிராம் மீன், சுமார் 15 கிராம். மாலையில் ஒரு கைப்பிடி பொட்டுக்கடலை, 6 கிராம். அப்புறம் 50 கிராம் பன்னீர், 9 கிராம். இரவு ஒரு சின்னக் கிண்ணம் கெட்டிப் பருப்பும் கொஞ்சம் தயிரும், 9 கிராம். கூட்டினால் 57. அறுபதை நெருங்கிவிட்டோம். சைவம் சாப்பிடுபவர்கள் முட்டை, மீனுக்குப் பதிலாகச் சோயா உருண்டை, பாசிப்பயறு, கொண்டைக்கடலை என்று மாற்றிக்கொள்ளலாம். ரேஷன் கடையில் வாங்கும் துவரம்பருப்பு இதற்கு நல்ல துணை. ஆனால் தண்ணியான சாம்பாரைக் குடித்துவிட்டுப் பருப்பு சாப்பிட்டதாகக் கணக்கு எழுதக் கூடாது. அடியில் தங்கும் பருப்பில்தான் புரதம் இருக்கிறது.

எப்படிச் சாப்பிடுவது

சின்னத் தட்டு, சின்னக் கரண்டி. ஒவ்வொரு வாயும் கூழாகும்வரை, 20, 25 முறை மெல்ல வேண்டும். ஒரு வேளைக்கு 20 முதல் 30 நிமிடம் ஆகட்டும். 'போதும்' என்று வயிறு சொன்னால் அத்தோடு நிறுத்திவிடுங்கள். "ஒரு வாய்தானே மிச்சம், வீணாப் போகுதே" என்று போட்டுக்கொண்டால் அந்த ஒரு வாய் நெஞ்சை அடைக்கும், வாந்தியாக வரும்.

சாப்பிடும்போது தண்ணீர் கிடையாது. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் குடியுங்கள். மற்ற நேரம் முழுக்க பாட்டில் கையிலேயே இருக்கட்டும். மடக்கு மடக்காகக் குடித்து நாளைக்கு ஒன்றரை லிட்டராவது சேர்க்க வேண்டும். அண்ணாந்து கடகடவென்று குடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். கோடைக்காலத்தில் இதை மறக்காதீர்கள்.

பரோட்டா, பிரெட், குழைந்த சோறு, காய்ந்த கோழிக்கறி, நார் மிகுந்த காய் ஆகியவை பலருக்கு அடைத்துக்கொள்ளும். புது உணவை ஒரு நாளில் ஒன்று மட்டும், வீட்டில் இருக்கும்போது முயன்று பாருங்கள்.

பாயசம் குடித்தவுடன் படபடப்பா?

பைபாஸ் செய்தவர்களுக்கு இது அதிகம், ஸ்லீவ் செய்தவர்களுக்கும் வரலாம். பாயசம், ஜூஸ், குளிர்பானம் போன்ற இனிப்பு வேகமாகக் குடலுக்குள் இறங்கும்போது நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், வயிறு முறுக்கும், பேதியாகும். சாப்பிட்ட 10 முதல் 30 நிமிடத்துக்குள் வருவது ஒரு வகை. ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து இரத்தச் சர்க்கரை இறங்கி, கை நடுங்கி, கண் இருட்டுவது இன்னொரு வகை. இதற்கு 'டம்பிங்' என்று பெயர். இனிப்பைத் தவிர்ப்பது, புரதத்தோடு சாப்பிடுவது, தண்ணீரைத் தனியே குடிப்பது, இந்த மூன்றிலேயே பெரும்பாலும் அடங்கிவிடும். அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பின்வரிசைக்கு ஒரு வேண்டுகோள்

நம் ஊரில் அன்பைக் காட்டும் வழியே சாப்பாடுதான். வீட்டுக்கு வந்தவரை "சாப்ட்டீங்களா?" என்றுதான் கேட்கிறோம். கல்யாணப் பந்தியில் இலையை மூடினால் பரிமாறுபவர் முகம் வாடிவிடும். அம்மாக்கள் சொல்வது எனக்குக் காது கேட்காமல் இல்லை: "புள்ள ரெண்டு ஸ்பூன் தின்னுட்டு எந்திரிச்சிடுதும்மா, பாக்கவே வயிறு எரியுது."

அம்மா, அந்த இரண்டு ஸ்பூன்தான் இப்போது அவருக்கு முழுச் சாப்பாடு. "இன்னும் ஒரு கரண்டி வச்சுக்கோ" என்று சொல்லாமல் இருப்பது இப்போதைக்குப் பெரிய உதவி. அவருடைய பங்கைத் தனிக் கிண்ணத்தில் முதலில் எடுத்து வையுங்கள். பந்திக்குப் போனால் பக்கத்தில் உட்கார்ந்து, "அவருக்கு வயித்துல ஆபரேஷன் ஆயிருக்கு, கொஞ்சமா வைங்க" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். "ஆபரேஷன் பண்ணிக் குறைச்சதெல்லாம் ஒரு குறைப்பா?" என்று கேட்கும் உறவினர் எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். உடல் பருமன் ஒரு நோய், அதற்கு இது ஒரு சிகிச்சை. அவ்வளவு சொன்னால் போதும், விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

வீடு தேடி வரும் மாத்திரையைக் கவனியுங்கள்

உங்களில் பலருக்குச் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் 2021ஆம் ஆண்டு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வருகின்றன. நல்ல விஷயம். ஆனால் அறுவைக்குப் பிறகு பலருக்குச் சர்க்கரையும் அழுத்தமும் வேகமாக இறங்கும். மருத்துவர் அளவைக் குறைத்திருப்பார், அல்லது நிறுத்தியிருப்பார். உங்கள் ஊர் சுகாதாரத் தன்னார்வலரிடம் இருக்கும் பட்டியலில் பழைய அளவே இருக்கலாம். பழைய அளவு மாத்திரையையோ இன்சுலினையோ இப்போதைய உடம்புக்குப் போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

ஆகவே வீட்டுக்குப் போனதும் டிஸ்சார்ஜ் சீட்டின் நகல் ஒன்றை எடுத்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, மாத்திரைப் பட்டியலைத் திருத்தச் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், பழையதைத் தொடரவும் வேண்டாம். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளைப் பொடித்துப் போடக் கூடாது; எதைப் பொடிக்கலாம் என்று மருந்தாளுநரிடம் கேளுங்கள். மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்றவை வயிற்றில் புண்ணை உண்டாக்கும், பைபாஸ் செய்தவர்களுக்கு இன்னும் ஆபத்து. புகையிலையும் அப்படித்தான். மது முன்னைவிட வேகமாக இரத்தத்தில் ஏறும்.

சத்து மாத்திரை ஆயுசுக்கும்

மல்டி வைட்டமின், இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி, பி12 ஆகியவை ஆறு மாதக் கோர்ஸ் அல்ல. வாழ்நாள் முழுக்க எடுக்க வேண்டியவை. கால்சியமும் இரும்புச்சத்தும் சேர்ந்து போனால் ஒன்றை ஒன்று தடுக்கும், இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். டீ, காபியோடு இரும்புச்சத்து மாத்திரை வேண்டாம். கால்சியத்தில் 'சிட்ரேட்' வகை இந்த வயிற்றுக்கு நன்றாகச் சேரும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைப்பது உங்களுக்குப் போதுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 3, 6, 12 மாதங்களிலும், அதற்குப் பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் இரத்தப் பரிசோதனை அவசியம்.

பெரும்பாலோர் விட்டுவிடுவது இரண்டாவது ஆண்டில்தான். எடை குறைந்துவிட்டது, வேலைக்குப் போகிறோம், எதற்கு மாத்திரை என்று தோன்றும். உடம்பில் சேமிப்பு தீரும்வரை ஒன்றும் தெரியாது. தீர்ந்த பிறகு இரத்தசோகை, கால் மரத்துப்போதல், எலும்புத் தேய்மானம் என்று வரும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். எப்போதாவது ஒரு வாந்தி வேறு, தினமும் வாந்தி வேறு. "ஆபரேஷன் பண்ணா அப்படித்தான் இருக்கும்" என்று வாரக்கணக்கில் பொறுத்துக்கொள்ளாதீர்கள். தொடர் வாந்தியில் பி1 என்கிற தயாமின் சத்து வற்றிவிடும். பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பமாகப் பேசுவது அதன் அறிகுறிகள். கவனிக்காவிட்டால் மூளையில் நிரந்தரப் பாதிப்பு ஏற்படலாம். தெருமுனை கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பவும் வேண்டாம். தயாமின் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினால் நிலை மோசமாகலாம். அறுவை நடந்த விவரத்தைச் சொல்லி, பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்.

பெண்களுக்கு

எடை குறையும்போது மாதவிடாய் சீராகும், கருத்தரிக்கும் வாய்ப்பும் கூடும். ஆனால் 12 முதல் 18 மாதங்களுக்குக் கர்ப்பத்தைத் தள்ளிப்போடுங்கள். பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரையை மட்டும் நம்ப முடியாது, வேறு முறையை மருத்துவரிடம் கேளுங்கள். பிறகு கர்ப்பமானால் பதிவு செய்யும்போதே அறுவை சிகிச்சை விவரத்தைச் சொல்லிவிடுங்கள். நம் சுகாதார நிலையங்களில் கர்ப்பிணிகளுக்குக் குளுக்கோஸ் கரைசல் கொடுத்துச் சர்க்கரை பார்ப்பது வழக்கம். அந்தக் கரைசல் உங்களுக்கு டம்பிங்கை வரவழைக்கலாம். வேறு வழியில் பரிசோதிக்க முடியும்.

மூன்றாவது மாதத்திலிருந்து தலைமுடி கொட்டும். ஆண், பெண் இருவருக்கும் உண்டு. புரதமும் சத்து மாத்திரையும் சரியாக இருந்தால் பெரும்பாலும் திரும்ப முளைத்துவிடும்.

வேலையும் எடையும்

நடப்பதை மருத்துவமனையிலேயே ஆரம்பித்துவிட்டீர்கள், அதை விடாதீர்கள். நான்கு முதல் ஆறு வாரம் வரை தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் தூக்குவது வேண்டாம். வேலைக்குத் திரும்பினால் சின்ன டப்பாவில் சாப்பாடும் தண்ணீர்ப் பாட்டிலும் கூடவே இருக்கட்டும். சபரிமலை விரதமோ ரமலான் நோன்போ, முதல் ஓராண்டில் மருத்துவரைக் கேட்காமல் இருக்க வேண்டாம்.

எடை ஒன்று, ஒன்றரை ஆண்டு வரை இறங்கி, பிறகு நிற்கும். கொஞ்சம் ஏறவும் செய்யும். அதற்காக மனம் உடைய வேண்டாம். ஆனால் முறுக்கு, மிக்சர், பிஸ்கட், சர்க்கரை போட்ட டீ ஆகியவை அடைக்காமல் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். எடை திரும்பி வருவது பெரும்பாலும் இந்த வழியில்தான். கவலை, தனிமை, கோபம் வந்தால் முன்பு சாப்பாட்டில் ஆறுதல் தேடியிருப்போம். அந்தக் கதவு இப்போது மூடியிருக்கிறது. மனம் சோர்ந்தால் சொல்லுங்கள், மனநல ஆலோசனையும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

உடனே வர வேண்டிய நேரம்

காய்ச்சல், ஓயாத படபடப்பு, கடுமையான வயிற்றுவலி, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், தண்ணீர்கூட இறங்காத நிலை: இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு ஆண்டுகள் கழித்துக்கூடக் குடல் உள்ளே சிக்கிக்கொள்ளலாம். கடுமையான வயிற்றுவலியை வாயு என்று ஒதுக்காதீர்கள். சந்தேகம் கேட்க 104 இருக்கிறது.

கடைசியாக ஒரு சின்ன வேலை. வீட்டுக்குப் போனதும் ஒரு அட்டையில் அறுவையின் பெயர், தேதி, மருத்துவமனை, இப்போதைய மாத்திரைகள், தவிர்க்க வேண்டிய மருந்துகள் ஆகியவற்றை எழுதிப் பர்ஸில் வையுங்கள். இன்னொரு நகலைக் குளிர்சாதனப் பெட்டி மேலோ அலமாரியிலோ ஒட்டுங்கள். நீங்கள் பேச முடியாத நேரத்தில் அந்த அட்டை உங்களுக்காகப் பேசும்.

இனி உங்கள் கேள்விகள். யார் முதலில் கேட்கிறீர்கள்?