நூற்றுக்கு 98

நெடும்பயணம் புறப்படும் மாணவர்கள், முன்கட்டணச் சிம் அட்டையை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்று என்னைக் கேட்பதுண்டு. அதன் விடையை நான் ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் கற்றேன்.

அடிலெய்டில் வாங்கிய என் அட்டை விலை மலிவு. இணைய அளவு மிகுதி. நாட்டு மக்களுள் நூற்றுக்கு 98 பேருக்கு எட்டும் என்றார்கள். வேறென்ன வேண்டும் என்று வாங்கிவிட்டேன். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நோக்கிச் செல்கையில், கூபர் பெடியைக் கடந்ததும் கைப்பேசி ஊமையாயிற்று. அப்பால் வண்டிச் சக்கரமும் பழுதுற்றது. எவரேனும் வருவாரா என்று மூன்று மணி நேரம் வெயிலில் நின்றேன்.

விளம்பரம் பொய் சொல்லவில்லை. கணக்கை நான்தான் பிழையாகப் படித்தேன். அந்நாட்டின் பரப்பு ஏறத்தாழ 77 லட்சம் சதுர கிலோமீட்டர். மக்களோ பெரும்பாலும் கடற்கரை நகரங்களில் நெருங்கி வாழ்கின்றனர். ஆதலின், 98 விழுக்காட்டு மக்களை எட்டும் வலை, நிலத்தில் பாதியைக்கூட எட்டுவதில்லை.

எனவே, நண்பர்களே, விலையைப் பின்னர்ப் பாருங்கள். முதலில் நிறுவனத்தின் வரைபடத்தில் உங்கள் பாதையை விரலால் தொடர்ந்து செல்லுங்கள். பிறர் கோபுரங்களை வாடகைக்குப் பெறும் நிறுவனமாயின், முழு வலையும் கிடைக்குமா, ஒரு பகுதி மட்டுமா என்று வினவுங்கள். நிலப்படங்களை முன்னரே கைப்பேசியில் இறக்கி வையுங்கள். கோபுரமே இல்லாத வழியாயின், செயற்கைக்கோள் கருவியைத் துணைகொள்ளுங்கள்.

‘எத்தனை பேருக்கு எட்டும்?’ என்பதன்று கேள்வி. ‘நான் போகும் வழிக்கு எட்டுமா?’ என்பதே கேள்வி.