மருத்துவமனைப் பணியில் நாங்கள் கற்றது



பெரிய மருத்துவமனை ஒன்றில் ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர்களாக நாங்கள் பல்லாண்டுகள் உழைத்தோம். அறுவை அரங்கின் குருதியைக் கழுவியவை எங்கள் கைகள். ஆயினும் அமர்ந்து உணவு உண்ண எங்களுக்கென ஓரிடம் அங்கு இருந்ததில்லை.

ஒருநாள், குப்பைப் பையைத் தூக்கிய எங்கள் சகோதரி ஒருவரின் விரலில், அதனுள் கிடந்த ஊசி தைத்தது. வேலை போய்விடுமோ என்றஞ்சி அவர் நான்கு நாட்கள் வாய் திறக்கவில்லை. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்திற்குள் தொடங்க வேண்டும் என்பதை அவரும் அறியார்; நாங்களும் அறியோம். அவருக்குத் தொற்று ஏற்படாதது நற்பேறேயன்றிப் பாதுகாப்பன்று.

பின்னரே, நம் சங்கத்தின் மாலை வகுப்பில், 2016ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளைப் படித்தறிந்தோம். ஊசிகளைத் துளைபடாத வெள்ளைக் கலனில் இடவேண்டும். கழிவைக் கையாளுவோருக்குக் கையுறை முதலிய காப்புப் பொருள்களும், ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசியும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் உடற்பரிசோதனையும் அளித்தாக வேண்டும். பணியாளர்கள் மட்டுமன்றி, கழிவைக் கையாளும் 'பிறரும்' என்று விதி கூறுகிறது. அந்த ஒரு சொல்லில் நாங்களும் அடங்குவோம்!

அதனை எடுத்துக்காட்டி, நாங்கள் அனைவரும் கையொப்பமிட்டு விண்ணப்பம் அளித்தோம். கையுறையும் தடுப்பூசியும் வந்தன. உணவுக்கான இடம் இன்னும் வரவில்லை. அதற்கான விண்ணப்பத்தையும் எழுதிவிட்டோம்.

இளைஞர்களே! பட்டம் பெறுங்கள், உயர்பதவி அடையுங்கள். அதனோடு, நம் தாய்மார் கைந்நாட்டு வைக்கும் ஒவ்வொரு தாளையும் அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். கல்வி முதலில் காக்க வேண்டியது அவர்களையே.