ஜீரோவில் ஏறுபவர் முதலில் அடக்க வேண்டியது கையை



கணினி விளையாட்டு என்றதுமே பெற்றோர் பலர் முகம் சுளிக்கிறார்கள். பிள்ளை நள்ளிரவு வரை ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டு யாரையோ சுட்டுக்கொண்டிருக்கிறான் என்பதுதான் அவர்கள் கண்ணுக்குத் தெரிவது. ஆனால் 2001-இல் வெளிவந்த ஐஎல்-2 ஸ்டர்மோவிக், 2012-இல் வந்த வார் தண்டர் போன்ற போர் விமான விளையாட்டுகளில் சுடுவது கடைசி இரண்டு விநாடி வேலை. அதற்கு முந்திய பத்து நிமிடங்களிலேயே வெற்றி தோல்வி பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. எப்படி என்பதை விளங்கிக்கொள்ள ஒரே ஒரு விமானம் போதும். அது ஜப்பானியக் கடற்படையின் ஜீரோ.

மிட்சுபிஷி நிறுவனத்தில் ஜிரோ ஹொரிகோஷி வடிவமைத்த இந்த விமானம் 1939-இல் முதன்முதலாகப் பறந்தது. 1940-இல் பணிக்கு வந்தது. ஜப்பானிய ஆண்டுக் கணக்கில் அது 2600. கடைசி இலக்கம் பூஜ்யம், ஆகவே பெயரும் பூஜ்யம். தொடக்க வகையின் எஞ்சின் ஏறத்தாழ 940 குதிரைத்திறன்தான். அதை வைத்துக்கொண்டு வெகுதூரம் பறக்கவும் வேண்டும், பம்பரமாய்ச் சுழலவும் வேண்டும் என்றால் எடையைக் குறைப்பதைத் தவிர வழியில்லை. குறைத்தார்கள். விமானிக்குக் கவசத் தகடு இல்லை. குண்டு துளைத்தால் தானே அடைத்துக்கொள்ளும் எரிபொருள் தொட்டியும் இல்லை.

இந்த வட்டாரத்துப் பெரியவர்களுக்கு இது கதையல்ல. 1941 டிசம்பரில் சுங்கைப் பட்டாணியிலும் பின்னர் காலாங்கிலும் செம்பவாங்கிலும் இருந்து எழும்பிய பஃபலோ விமானங்கள் எதிர்கொண்டவை பெரும்பாலும் ஜப்பானியத் தரைப்படையின் ஹயபுசா விமானங்கள். அவையும் ஜீரோவைப் போலவே எடை குறைந்தவை, சட்டென்று திரும்புபவை. ஜீரோ என்றே பலரும் அவற்றை நினைத்துக்கொண்டார்கள். அவற்றோடு வட்டமடித்துச் சண்டை போடக் கூடாது என்பதை உயிரைக் கொடுத்துக் கற்க வேண்டியிருந்தது.

சரி, விளையாட்டுக்கு வருவோம். புதிதாக ஜீரோவில் ஏறும் இளையர் என்ன செய்கிறார்? இந்த விமானம் நன்றாகத் திரும்பும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். எதிரியைக் கண்டதும் மூக்கைக் கீழே சாய்த்து, முழு வேகத்தில் பாய்ந்து, ஜாய்ஸ்டிக்கை வளைக்கிறார். விமானம் வளைவதில்லை! வேகம் மணிக்கு 370 கிலோமீட்டரைத் தாண்டினால் ஜீரோவின் இறக்கை மடல்கள் இறுகிப்போகும். எந்தக் குணத்துக்காக அதைத் தேர்ந்தெடுத்தாரோ அந்தக் குணம் வேகத்தில் காணாமல் போய்விடுகிறது. எதிரியோ வலப்பக்கம் புரண்டு கீழே பாய்ந்து தப்பித்துவிடுகிறார்.

உயரம் என்பது பெட்டியில் உள்ள நகை மாதிரி. வேகம் கையில் உள்ள ரொக்கம். நகையை விற்று ரொக்கமாக்கலாம், ரொக்கத்தைப் போட்டு மீண்டும் நகை வாங்கலாம். ஒவ்வொரு திருப்பமும் செலவு. மற்ற விமானங்கள் பெரும்பணக்காரர்கள். ஜீரோ கொஞ்சப் பணத்தில் குடும்பம் நடத்தத் தெரிந்த விமானம். ஆகவே அதை ஓட்டுபவர் எதிராளியையும் அந்த நிலைக்கு இறக்கிக் கொண்டுவர வேண்டும்.

மேலேயிருந்து ஒரு வைல்ட்கேட் பாய்ந்து வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பதறிப்போய் முன்கூட்டியே திரும்பினால் அவரும் மூக்கைச் சற்றே மாற்றிப் பின்தொடர்வார். பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர் சுடும் தூரத்துக்கு வரப்போகும் கணத்தில் அவருக்குக் குறுக்காகக் கூர்மையாகத் திரும்ப வேண்டும். அந்த வேகத்தில் அவரால் அவ்வளவு வளைக்க முடியாது, கடந்து போய்விடுவார். இங்கேதான் புதியவர்கள் கெட்டுப்போகிறார்கள். கீழே போகும் எதிரியைத் துரத்தி இவர்களும் பாய்கிறார்கள். துரத்தக் கூடாது. விட்டுவிட்டு மெல்ல உயரம் ஏற வேண்டும். அவர் திரும்பி ஏறி வரும்போது முன்பிருந்த உயரம் அவருக்குக் கிடைக்காது. மூன்று நான்கு முறை இப்படிப் போனால் இருவரும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுவார்கள். அப்புறம் ஜீரோவின் ராஜ்யம். எதிராளி ஆத்திரப்பட்டால் இன்னும் சீக்கிரம் வருவார்.

வந்தாலும் வாரி இறைக்க முடியாது. தொடக்க வகை ஜீரோவின் 20 மில்லிமீட்டர் பீரங்கி ஒவ்வொன்றுக்கும் 60 குண்டுகள்தான். விசையை அழுத்திப் பிடித்தால் ஏழு விநாடியில் காலி. சிறிய துப்பாக்கியால் குறியைச் சரிபார்த்துக்கொண்டு, 200 மீட்டருக்குள் நெருங்கிய பிறகே பீரங்கியைத் தொடுவது அனுபவசாலிகளின் வழக்கம். நேருக்கு நேர் மோதும் ஆசையும் வேண்டாம். எதிரியின் குண்டு ஒன்று பட்டால் இங்கே தீ.

எதிரிகள் இருவராக இருந்தால் கணக்கே வேறு. அமெரிக்கக் கடற்படை விமானி ஜான் தாச் 1941-இல் வீட்டுச் சமையலறை மேசைமீது தீக்குச்சிகளை நகர்த்தி நகர்த்தி ஒரு வழி கண்டுபிடித்தார். இரண்டு விமானங்கள் இடைவெளி விட்டுப் பறக்கும். ஒன்றின் பின்னால் ஜீரோ வந்தால் இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று திரும்பும். துரத்தி வந்த ஜீரோ மற்றவரின் துப்பாக்கிக்கு நேரே போய் நிற்கும். 1942 ஜூன் 4-ஆம் தேதி மிட்வே போரில் தாச் அதைச் செய்து காட்டினார். கணினித் திரையிலும் ஜீரோக்கள் இன்றுவரை அப்படித்தான் விழுகின்றன. முன்னால் போகிறவர் சுலபமாக மாட்டுகிறார் என்று தோன்றினால் அவருடைய தோழர் எங்கே என்று தேட வேண்டும்.

அதே ஜூன் 4-ஆம் தேதி, வடக்கே அலூஷியன் தீவுகளில் இன்னொன்று நடந்தது. 19 வயது விமானி தடயோஷி கோகாவின் ஜீரோவில் எண்ணெய்க் குழாய் அடிபட்டது. அகுட்டான் தீவில் புல்வெளி என்று நம்பி இறங்கினார். அது சதுப்பு நிலம். சக்கரம் சிக்கி விமானம் தலைகீழாகக் கவிழ, கழுத்து முறிந்து இறந்தார். எதிரி கையில் சிக்காமல் அதைச் சுட்டு அழிக்க வேண்டியது உடன் வந்தவர்களின் கடமை. நண்பன் உள்ளே உயிரோடு இருப்பானோ என்று நினைத்து அவர்கள் சுடவில்லை. அந்த விமானத்தைத்தான் அமெரிக்கர்கள் பழுதுபார்த்து 1942 செப்டம்பரில் ஓட்டிப் பார்த்தார்கள். வேகத்தில் மடல் இறுகுவது, வலப்பக்கம் புரள்வது இடப்பக்கத்தைவிடக் கடினம், மூக்கைத் திடீரெனக் கீழே தள்ளினால் எஞ்சின் அடங்குவது எல்லாம் அப்போது உறுதியாயின. எதிராளி ஏன் வலப்பக்கமாகவே புரண்டு ஓடுகிறார் என்று இரவில் கண்விழித்துக் குழம்பும் பிள்ளைக்கு விடை அந்தச் சதுப்பு நிலத்தில் இருக்கிறது.

இன்னும் ஒரு சங்கதி. பீரங்கி காலியான பிறகும் களத்தில் சுற்றுபவர்தான் அதிகம் விழுகிறார். ஓடித் தப்பிக்க ஜீரோவுக்கு வேகம் கிடையாது. எதிரியின் மூக்கு வேறு திசையில் இருக்கும்போதே தளத்தை நோக்கித் திரும்பிவிட வேண்டும்.