கண்ணிலிருந்து எடுத்ததை எங்கே போடுகிறோம்?

(கூனிமேட்டில் நடந்த நலவாழ்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





சென்ற மாதம் பள்ளிவாசலில் ஒளு செய்யும் இடத்து வாய்க்கால் அடைத்துக்கொண்டது. நாம் சிலர் சேர்ந்து தூர்வாரினோம். மணலோடும் சருகோடும் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் கிண்ணங்கள் சில வந்தன. பெரியவர்களுக்கு அவை என்னவென்று தெரியவில்லை. கல்லூரிக்குப் போகும் பிள்ளை ஒருவர்தான், "இது கான்டாக்ட் லென்ஸ் வர்ற டப்பா" என்றார். கழற்றிய லென்ஸை எங்கே போடுவீர்கள் என்று கேட்டோம். "இங்கேதான், தண்ணியில போயிடும்" என்றார்.

அவரைக் குறை சொல்ல நாம் இங்கே கூடவில்லை. நம் வீடுகளிலும் அதுதான் நடக்கிறது. நிக்காஹ் வீட்டில் மணப்பெண் கலர் லென்ஸ் போடுகிறார். இரவு கழற்றியதும் அது வாஷ்பேசினுக்குள் போய்விடுகிறது. போய்விடும் என்று நாம் நினைக்கும் அந்த இடம் எது என்பதைத்தான் இன்று சேர்ந்து யோசிக்க வேண்டும்.

அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் இதை ஆராய்ந்தார்கள். லென்ஸ் அணிவோரில் நூற்றுக்கு 15 முதல் 20 பேர் அதைக் கழிப்பறையிலோ கைகழுவும் தொட்டியிலோ போடுகிறார்கள் என்று தெரிந்தது. அந்த ஒரு நாட்டில் மட்டும் ஆண்டுக்கு 20 டன்னுக்கு மேல் லென்ஸ் இப்படிக் கழிவுநீரில் சேர்வதாகக் கணக்கிட்டார்கள். ஈரமாக இருக்கும்போது மெத்தென்று இருந்தாலும் லென்ஸும் ஒருவகை பிளாஸ்டிக்தான். அது மக்குவதில்லை. உடைந்து உடைந்து கண்ணுக்குத் தெரியாத நுண்துகளாகிறது.

அங்கே கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருந்தும் இந்த நிலை. நம் வீட்டுச் சாக்கடைக்கு அதுவும் இல்லை. மழை வந்தால் தெருவில் கிடப்பதெல்லாம் பள்ளம் தேடி ஓடும். நமக்குப் பக்கத்தில் இருப்பது கழுவேலி. 2021 டிசம்பரில் அரசு அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. அதைத் தாண்டினால் உப்பங்கழி, கடல், மரக்காணம் உப்பளங்கள். உவர்நீரைப் பாத்தியில் கட்டி, வெயிலில் காயவைத்து, வாரி எடுப்பதுதான் நாம் உண்ணும் உப்பு. தண்ணீர் ஆவியாகிவிடும், அதில் கலந்த துகள் ஆவியாகாது. நம் நாட்டு உப்பு மாதிரிகளில் நுண்பிளாஸ்டிக் இருப்பதை மும்பை ஐஐடி ஆய்வாளர்களும் 2018இல் கண்டறிந்தார்கள். அது லென்ஸிலிருந்து வந்தது என்று நாம் சொல்லவில்லை. பை, வலை, துணி என்று பலவும் அதில் சேர்ந்திருக்கும். ஆனால் உப்பு விளையும் கரையில் வாழும் நாம், நம் பங்குக்கு ஒன்றைச் சேர்க்காமல் இருக்கலாம் அல்லவா?

ஒரு கணக்கைப் பாருங்கள். தினம் ஒரு ஜோடி மாற்றுபவருக்கு ஆண்டுக்கு 730 லென்ஸ், 730 கிண்ணம், 730 மூடித்தாள். மாதம் ஒரு ஜோடி என்றால் 24 போதும். ஆனால் அதற்கு மருந்துநீர் பாட்டில்கள் கூடும். மிச்சப்படுத்துகிறோம் என்று ஒருநாள் லென்ஸை மறுநாளும் போடாதீர்கள். ஒருவர் போட்டதை அக்கா தங்கை மாற்றிப் போடவே கூடாது. குழாய் நீரில் கழுவவும் கூடாது. அந்த நீரில் வாழும் அகந்தமீபா என்ற நுண்ணுயிர் கருவிழியைத் தாக்கினால் பார்வையே போகலாம். ஒளுவில் கண்ணுக்குள் நீர் செலுத்த வேண்டியதில்லை. கண்ணை மூடி முகம் கழுவினால் போதும். அதற்காக வாய்க்கால் ஓரத்தில் லென்ஸைக் கழற்ற வேண்டிய அவசியமும் இல்லை.

சரி, கழிவை என்ன செய்வது? லென்ஸையும் கிண்ணத்தையும் திரும்ப வாங்கி மறுசுழற்சி செய்யும் திட்டத்தை பாஷ் அண்ட் லாம்ப் நிறுவனம், டெராசைக்கிள் நிறுவனத்துடன் சேர்ந்து 2016இல் அமெரிக்காவில் தொடங்கியது. நம் ஊரில் அப்படி ஒரு பெட்டி இல்லை. இல்லாததால் நம் பொறுப்பு குறைந்துவிடாது. நம்மால் ஆவது இது:

முதலில், லென்ஸ் எந்தத் தண்ணீரிலும் போகக் கூடாது. காகிதத்தில் மடித்து உலர் குப்பையில் சேருங்கள். இரண்டாவது, கிண்ணத்தின் மேல் உள்ள மூடித்தாளை முழுதாக உரித்து, கிண்ணத்தைக் காயவைத்து ஒரு டப்பாவில் சேருங்கள். பெரும்பாலும் அது பாலிபுரோப்பிலீன். மறுசுழற்சிக்கு ஏற்ற பிளாஸ்டிக். தனித்தனியாக எறிந்தால் அவ்வளவு சிறியதைப் பொறுக்கி எடுக்க எவராலும் முடியாது. மூன்றாவது, மருந்துநீர் பாட்டிலைக் காலி செய்து காயலான் கடைக்குக் கொடுங்கள்; அட்டைப்பெட்டி பழைய பேப்பரோடு போகட்டும். எதையும் கொளுத்தாதீர்கள். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது நம் வீட்டுக் குழந்தைதான்.

நம் அறக்கட்டளை அலுவலக வாசலில் இன்று ஒரு டின் வைத்திருக்கிறோம். சேர்த்த கிண்ணங்களை அதில் போடுங்கள். மூட்டையானதும் பிளாஸ்டிக் எடைக்கு வாங்குபவரிடம் நாமே கொண்டு போவோம். அவர் வேண்டாம் என்றால் தூய்மைக் காவலரிடம் தனியாகக் கட்டிக் கொடுப்போம். குப்பையில் கைவிட்டுப் பிரிக்கும் அந்தச் சகோதரிகளுக்கு அதுவாவது நாம் செய்யும் மரியாதை.

நடைபாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று சிறுவயதிலிருந்தே நம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். வாய்க்காலும் கழியும் உப்புப் பாத்தியும் தண்ணீர் நடக்கும் பாதைகள். பார்வை அல்லாஹ் தந்த அமானிதம். இந்தத் தண்ணீரும் மண்ணும் அப்படித்தான். ஒன்றைப் பேணுவதற்காக மற்றொன்றைக் கெடுக்காமல் வாழ அவனே நமக்கு உதவி செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.