காசநோயும் கட்டுத்தறியும்

(பெருந்துறையில் நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

உழவும் மாடுமே நம் முன்னோர் நமக்குத் தேடிவைத்த செல்வமாகும். காங்கேயம் காளையின் பெருமையையும் கொறங்காட்டு மேய்ச்சலின் அருமையையும் யாவரும் அறிவீர்கள். அம்மாட்டையும் அதனை வளர்ப்போரையும் ஒருங்கே உருக்கவல்ல ஒரு நோயைப்பற்றி இன்று சில கூற விரும்புகின்றோம். அதற்குப் பெருந்துறையினும் பொருத்தமான இடம் வேறில்லை. காசநோயாளருக்கென இங்கு எழுந்த சானடோரியத்தின் பெயராலேயே அப்பகுதி இன்றும் வழங்குகின்றது. அவ்விடமே பின்னர் மருத்துவக் கல்லூரியாகவும் வளர்ந்தது.

எலும்புருக்கி என்று நம் பாட்டன்மார் அஞ்சிய இந்நோய் ஒரு நுண்கிருமியால் வருவது என்பதனை ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் காக், 1882-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ஆம் நாள் பெர்லினில் மெய்ப்பித்தார். அப்பேரறிஞரே 1901-இல் லண்டன் மாநாட்டில், மாட்டின் காசநோயால் மாந்தர்க்குப் பெருந்தீங்கு இல்லை என்றார். பிரிட்டிஷ் அரசு அதனை அப்படியே ஏற்காது, ஆராய்ச்சிக் குழு ஒன்றை நியமித்தது. பத்தாண்டுச் சோதனைக்குப்பின், 1911-இல் அக்குழு தன் முடிவைக் கூறிற்று. நோயுற்ற பசுவின் காய்ச்சாத பாலால் மக்களுக்கும், சிறப்பாகக் குழந்தைகளுக்கும், கழுத்துக் கழலையும் குடற்காசமும் உண்டாதல் உறுதி என்பதே அம்முடிவு. எத்துணைப் பெரியார் சொல்லாயினும் சோதனைக்கு உட்பட்டே நிற்கும் என்பது ஆராய்ச்சியின் அறம்.

இனி ஒரு வியப்பைக் கேளுங்கள். பிரெஞ்சு நாட்டுக் கால்மெட், கெரின் என்னும் இருவர் மாட்டினின்று எடுத்த காசக்கிருமியைப் பதின்மூன்று ஆண்டுகள், 230 முறை மாற்றி மாற்றி வளர்த்து, அதன் கொடுமையை ஒடுக்கினர். அதுவே 1921-இல் முதன்முதல் குழந்தைக்கு அளிக்கப்பட்ட பி.சி.ஜி. மருந்து. ஆவின் பிணியே சேய்க்குக் காப்பாயிற்று! நம் சென்னைக் கிண்டியில் அம்மருந்தைச் செய்யும் நிலையம் 1948-இல் அமைந்தது. பின்னர் 1968-இல் தொடங்கிச் செங்கற்பட்டுப் பகுதியில் இரண்டரை லட்சம் மக்களிடை நிகழ்ந்த பெருஞ்சோதனை, பெரியவர்களின் நுரையீரற் காசத்தை அது தடுக்கவில்லை எனக் காட்டிற்று. எனினும், குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் கொடுங்காசத்தினின்று அது காப்பதால், பிறந்தவுடன் குத்துவது இன்றும் தொடர்கின்றது.

நம் சானடோரியத்தின் வரலாற்றோடு இயைந்த ஆராய்ச்சி ஒன்றும் உண்டு. அக்காலத்தில் நோயாளியை வீட்டினின்று பிரித்து, நற்காற்றும் நல்லுணவும் ஓய்வும் உள்ள இடத்தில் மாதக்கணக்கில் கிடத்துவதே சிகிச்சை. புதிய மருந்துகள் வந்தபின், 1956-இல் சென்னையில் காசநோய் மருந்தாராய்ச்சி நிலையம் அமைந்தது. ஏறக்குறைய 190 ஏழை நோயாளரைத் திருவுளச்சீட்டுப் போலப் பிரித்து, ஒரு சாராரைச் சானடோரியத்திலும் மற்றொரு சாராரை நெருக்கடி மிக்க அவர்தம் குடிசைகளிலும் வைத்து, ஒரே மருந்தை ஓராண்டு அளித்தனர். நல்லுணவும் ஓய்வும் குன்றிய வீட்டாரும் ஏறக்குறைய மற்றவரைப்போலவே குணமுற்றனர். அவர்தம் வீட்டார்க்கு அதனால் நோய் மிகுதியாகப் பரவவுமில்லை. 1959-இல் வெளிவந்த இம்முடிவு உலகெங்கும் சானடோரியங்களின் தேவையைக் குறைத்தது. தமிழகத்து ஏழைகளின் உடலில் கண்ட உண்மை உலகத்தார்க்கு உதவிற்று என்பதில் நமக்குப் பெருமிதம் உண்டு.

மாட்டுக் காசம் பழங்கதை என்று எண்ணற்க. வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 940 நோயாளரின் கிருமிகளை ஆய்ந்தோர் 2020-இல் முடிவை வெளியிட்டனர். மேல்நாட்டார் கூறும் மாட்டுக்கிருமி அவற்றுள் இல்லை. ஆனால், ஆரிக்ஸ் என்னும் மானின் பெயரால் வழங்கும் வேறொரு விலங்கினக் கிருமி ஏழு பேரிடம் காணப்பட்டது. எண்ணிக்கை சிறிதே, எனினும், நம் நாட்டு மாட்டின் நோயை நம் நாட்டிலேயே ஆராய வேண்டும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? நோயுற்ற மாட்டைக் கொன்று ஒழிப்பது மேல்நாட்டு முறை. அது நமக்கு ஒவ்வாது. ஆகவே சோதித்தலும், ஒதுக்கிக் கட்டுதலும், பாலைக் காய்ச்சுதலுமே நமக்குள்ள வழிகள்.

ஆதலின் நாம் வேண்டுவன சில. கறந்த சூட்டோடு பச்சைப்பால் பருகுவது பலம் என்னும் எண்ணத்தை விடுங்கள். பால் பொங்கக் காய்ச்சியே குழந்தைக்குக் கொடுங்கள். மெலிந்து இருமும் மாட்டைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். கட்டுத்தறியில் காற்றும் வெளிச்சமும் புகச் செய்யுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ, மாலைக் காய்ச்சலோ, உடல் மெலிவோ கண்டால் சளியைச் சோதியுங்கள். நம் வீட்டார்க்கு மட்டுமன்று, நம் மாட்டைப் பேணும் பண்ணையாட்களுக்கும் அவ்வாறே செய்விப்பது நம் கடமை. அரசு மருத்துவமனைகளில் சோதனையும் மருந்தும் இலவசம். வழக்கமான காசத்துக்கு ஆறு மாதம் மருந்துண்டால் போதும். இருமல் நின்றதென்று இடையில் விடுவோரிடம் மருந்துக்கு அடங்காத கிருமி எழும்.

இறுதியாக ஒன்று. பெண் கொடுக்கத் தயங்குவரே, சம்பந்தம் முறியுமே என்று அஞ்சி நோயை மறைக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. மறைத்த வீட்டில் நோய் மறைவதில்லை. அது மக்களுக்கும் பேரர்க்கும் பரவுகின்றது. மருந்துண்டு குணமடைந்தவன் யார்க்கும் தாழ்ந்தவன் அல்லன். நோயை வெளியிட்டுச் சொன்ன குடும்பத்தைப் புறக்கணியாது, அவர்தம் வீட்டில் கைநனைத்து, சம்பந்தமும் செய்வதென நம்மவர் உறுதி கொள்வார்களாக. அவ்வுறுதி ஒன்றே ஆராய்ச்சியாளரின் உழைப்பு நம் வீட்டு வாயிலைத் தாண்டி உள்ளே புக வழியாகும்.