முதலில் வந்த குதிரையை மட்டும் பார்க்காதீர்கள்

(நமது சங்கத்தின் ஞாயிறு மாலைச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அறிவிப்புப் பலகையில் "குதிரைப் பந்தயம்" என்று பார்த்ததும் சிலர் முகம் சுளித்திருப்பீர்கள். எனவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பணம் கட்டுவது எப்படி என்று சொல்ல நான் வரவில்லை. பணம் கட்டாமலேயே இதை ரசிக்க முடியும். ஒரு போட்டியின் முடிவை எப்படிப் படிப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

"இதில் படிக்க என்ன இருக்கிறது, எல்லாம் அதிர்ஷ்டம்தானே?" என்று கேட்கலாம். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், 1996-இல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறன் சார்ந்த விளையாட்டு என்று தீர்ப்பளித்தது. அந்தத் திறன் எதில் இருக்கிறது என்பதைக் காட்ட, உலகமே பார்க்கும் ஒரு பந்தயத்தை எடுத்துக்கொள்கிறேன்: அமெரிக்காவின் கென்டக்கி டெர்பி.

1875 முதல் லூயிவில் நகரில், சர்ச்சில் டவுன்ஸ் மைதானத்தில் நடக்கும் பந்தயம் இது. மே மாத முதல் சனிக்கிழமைதான் வழக்கமான நாள். மூன்று வயதுக் குதிரைகள் மட்டுமே ஓடலாம். அதாவது ஒரு குதிரைக்கு வாழ்நாளில் ஒரே வாய்ப்பு. தூரம் ஒன்றேகால் மைல், ஏறத்தாழ 2 கிலோமீட்டர். அதிகபட்சம் 20 குதிரைகள்.

அந்த 20 இடங்களுக்குப் போட்டியிடுபவை ஏராளம். அதனால் அதற்கு முந்தைய மாதங்களில் முன்னோட்டப் பந்தயங்கள் நடக்கின்றன. நியூயார்க்கில் உட் மெமோரியல், ஃப்ளோரிடா டெர்பி, கலிஃபோர்னியாவில் சான்டா அனிட்டா டெர்பி, கென்டக்கியிலேயே புளூ கிராஸ், ஆர்கன்சா டெர்பி, லூசியானா டெர்பி. 2013 டெர்பியிலிருந்து இவற்றுக்குப் புள்ளி முறை வந்துவிட்டது. நான் சொன்ன ஆறிலும் வெல்லும் குதிரைக்கு வழக்கமாக 100 புள்ளிகள். கிட்டத்தட்ட டெர்பி இடம் உறுதி. நம் வீட்டுப் பிள்ளைகளின் கணக்கில் சொன்னால், டெர்பி பொதுத்தேர்வு. இவையெல்லாம் திருப்புதல் தேர்வுகள்.

திருப்புதல் தேர்வில் முதல் மதிப்பெண் எடுத்த பிள்ளையே பொதுத்தேர்விலும் முதலில் வரும் என்று எந்த ஆசிரியரும் சொல்ல மாட்டார். விடைத்தாளைத் திறந்து பார்ப்பார். குதிரையின் விடைத்தாளைப் படிக்க நான்கு கேள்விகள் போதும்.

முதல் கேள்வி: பந்தயத்தின் ஆரம்ப வேகம் என்ன? 2007 புளூ கிராஸில் ஸ்ட்ரீட் சென்ஸ் என்ற குதிரை மயிரிழையில் தோற்றது. ஜெயித்தது டொமினிகன். ஆனால் அந்தப் பந்தயத்தின் முதல் அரை மைலுக்கு 51 விநாடிக்கு மேல் ஆனது. அந்தத் தரத்துக் குதிரைகளுக்கு அது ஊர்வல வேகம். எல்லாக் குதிரைகளும் களைப்பில்லாமல் கடைசித் திருப்பத்துக்கு வந்தால், பின்னாலிருந்து பாய்ந்து வரும் குதிரைக்கு அனுகூலமே இல்லை. அந்தத் தோல்வியை வைத்து ஸ்ட்ரீட் சென்ஸைக் கழித்துக்கட்டியவர்கள் இதைக் கவனிக்கவில்லை. டெர்பியில் முதல் அரை மைல் 46 விநாடிச் சுமாரில் போனது. தொடக்கத்தில் 19-ஆவது இடத்தில் இருந்த ஸ்ட்ரீட் சென்ஸ், உள்வேலியை ஒட்டியே வந்து ஜெயித்தது.

இரண்டாவது கேள்வி: எந்த வழியில் ஓடியது? இதற்குப் பள்ளிக்கூடக் கணக்கு போதும். டெர்பி பாதையில் இரண்டு வளைவுகள். இரண்டும் சேர்ந்தால் ஒரு முழு வட்டம். உள்வேலியை ஒட்டி ஓடும் குதிரையைவிட 3 மீட்டர் வெளியே ஓடும் குதிரை, இரண்டு வளைவுகளிலும் சேர்த்து சுமார் 19 மீட்டர் அதிகம் ஓடுகிறது. ஒரு குதிரை நீளம் ஏறத்தாழ 2.4 மீட்டர் என்று வைத்தால், அது எட்டு நீளம்! ஆக, முன்னோட்டத்தில் வெளிப்பக்கமாகவே சுற்றி வந்து இரண்டு நீளத்தில் தோற்ற குதிரை, உண்மையில் வென்ற குதிரையைவிட நன்றாக ஓடியிருக்கக்கூடும். முடிவுத் தாளில் இது தெரியாது. வீடியோவில்தான் தெரியும்.

மூன்றாவது கேள்வி: தூரமும் தரையும் பொருந்துமா? பெரும்பாலான கடைசி முன்னோட்டங்கள் ஒன்பது ஃபர்லாங், அதாவது சுமார் 1800 மீட்டர். டெர்பி அதைவிட ஒரு ஃபர்லாங் அதிகம். அந்தக் கடைசி 200 மீட்டரை, முன்னோட்டத்தில் வென்ற குதிரை இதற்குமுன் ஓடியதே இல்லை. அதனால் வென்றதா என்பதோடு, எல்லைக் கோட்டைத் தாண்டும்போது எப்படி இருந்தது என்றும் பாருங்கள். இன்னும் வேகம் கூட்டிக்கொண்டிருந்ததா, கால் தளர்ந்து தள்ளாடியதா? சில முன்னோட்டங்கள் செயற்கைத் தரையில் நடக்கின்றன. டெர்பி மண் தரையில். ஒன்றில் ஓடியதை அப்படியே மற்றதற்குப் பெயர்த்துவிட முடியாது.

நான்காவது கேள்வி: குதிரையின் உடல்நிலை என்ன? இதற்குப் புகழ்பெற்ற உதாரணம் 1973. செக்ரடேரியட் என்ற குதிரைமீது எல்லோருக்கும் பெரிய நம்பிக்கை. டெர்பிக்கு இரண்டு வாரம் முன்பு உட் மெமோரியலில் மூன்றாவதாக வந்தது. ஆங்கிள் லைட் முதலிடம், ஷாம் இரண்டாமிடம். "இதற்குத் தூரம் தாங்காது" என்ற பேச்சு கிளம்பியது. ஆனால் அதன் வாயில் ஒரு சீழ்க்கட்டி இருந்தது. வாயில்தானே கடிவாளம் இருக்கும்? கட்டி ஆறியது. டெர்பியில் செக்ரடேரியட் ஒவ்வொரு கால் மைலையும் முந்தையதைவிட வேகமாக ஓடி, 1 நிமிடம் 59.4 விநாடியில் முடித்தது. இன்றுவரை அதுதான் டெர்பி சாதனை. ஷாம் இரண்டாவது. உட் மெமோரியலை வென்ற ஆங்கிள் லைட் முதல் மூன்று இடங்களில் இல்லை.

இந்த நான்கோடு பயிற்சியாளரின் எண்ணத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். போதிய புள்ளி ஏற்கெனவே கையில் இருக்கும் குதிரையை ஏப்ரலில் முழுமூச்சாக ஓட விடுவதில் லாபமில்லை; மே மாதத்துக்கு மிச்சம் வைப்பார்கள். புள்ளியே இல்லாத குதிரை உயிரைக் கொடுத்து ஓடும். ஒரே பந்தயத்தில் ஒன்றுக்கு அது ஒத்திகை, இன்னொன்றுக்கு அதுதான் இறுதிப்போட்டி. இரண்டின் முடிவையும் ஒரே தராசில் நிறுக்கக் கூடாது.

"உயிரைக் கொடுத்து" என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அது வெறும் சொல்லாக முடியாத நாட்களும் உண்டு. 2006-இல் டெர்பியைப் பெரும் வித்தியாசத்தில் வென்ற பார்பரோ, இரண்டே வாரத்தில் அடுத்த பெரிய பந்தயத்தில் கால் முறிந்து, நீண்ட சிகிச்சைக்குப் பிறகு 2007 ஜனவரியில் கருணைக்கொலை செய்யப்பட்டது. 2008 டெர்பியில் இரண்டாவதாக வந்த ஏய்ட் பெல்ஸ் என்ற பெண் குதிரை, எல்லைக் கோட்டைத் தாண்டிய பிறகு இரண்டு முன்கால்களும் முறிந்து அங்கேயே உயிர்விட்டது. 2023-இல் டெர்பியை ஒட்டிய வாரங்களில் சர்ச்சில் டவுன்ஸில் 12 குதிரைகள் இறந்தன. ஜூனில் மீதிப் பந்தயங்களையே வேறு மைதானத்துக்கு மாற்றினார்கள்.

அதே 2023-இல்தான் நாம் கவனிக்க வேண்டிய ஒரு முடிவும் நடந்தது. ஃப்ளோரிடா டெர்பியில் ஃபோர்ட்டே முதலாவது. மேஜ் என்ற குதிரை ஒரு நீளத்தில் இரண்டாவது. மேஜுக்கு அது வாழ்நாளில் மூன்றாவது ஓட்டம்தான். வளைவில் பாய்ந்து முன்னிலைக்கு வந்து, கடைசியில்தான் பிடிபட்டது. டெர்பியன்று காலை, எல்லோரும் ஜெயிக்கும் என்று நினைத்த ஃபோர்ட்டேயின் வலது முன்பாதத்தில் அடிபட்டிருப்பதைப் பார்த்து, மாநிலக் கால்நடை மருத்துவர் அதை ஓட அனுமதிக்கவில்லை. அன்று மேஜ் ஜெயித்தது. கோடிக்கணக்கான பணமும், பல மாத உழைப்பும், டெலிவிஷன் கேமராக்களும் ஒரு பக்கம். பேச முடியாத ஒரு பிராணியின் பாதம் இன்னொரு பக்கம். மருத்துவர் பாதத்தின் பக்கம் நின்றார். ஒரு குதிரையை மதிப்பிடுவதிலேயே மிக முக்கியமான மதிப்பீடு அதுதான் என்பேன். ரசிகர்களும் அப்படி விலக்கப்பட்ட குதிரைக்காகக் கோபப்படாமல் இருந்தால், அந்த மருத்துவருக்கு அது ஒரு துணை.

இவ்வளவு பார்த்தாலும் எல்லாம் பிடிபட்டுவிடாது. 2022-இல் ரிச் ஸ்ட்ரைக் 80-க்கு 1 என்ற விலையில் வந்தது. ஒரு காலத்தில் 30,000 டாலருக்குக் கைமாறிய குதிரை. செயற்கைத் தரை முன்னோட்டம் ஒன்றில் மூன்றாவது. வேறொரு குதிரை விலகியதால் டெர்பிக்கு முந்தைய நாள்தான் இடமே கிடைத்தது. அது ஜெயிக்கும் என்று அடித்துச் சொல்ல யாராலும் முடிந்திருக்காது. ஆனால் நடந்த பிறகு காரணம் படிக்க முடிந்தது. முதல் கால் மைல் 21.78 விநாடி, டெர்பி வரலாற்றிலேயே அதிவேகம். அந்த வேகத்தில் முன்னே ஓடியவை துவண்டன. முன்னணியில் ஓடிய சம்மர் இஸ் டுமாரோ கடைசியாக வந்தது. 18-ஆவது இடத்தில் இருந்த ரிச் ஸ்ட்ரைக் உள்வேலியோரமாக ஒவ்வொன்றாகக் கடந்து வந்தது. மதிப்பீடு என்பது ஜோசியம் அல்ல. நடந்ததை நியாயமாகப் புரிந்துகொள்வது.

அடுத்த சீசனில் ஆர்வமுள்ளவர்கள் ஒன்று செய்யுங்கள். ஏதாவது ஒரு முன்னோட்டப் பந்தயத்தின் வீடியோவை இரண்டு முறை பாருங்கள். முதல் முறை வென்ற குதிரையை. இரண்டாம் முறை நான்காவதாக வந்த குதிரையை மட்டும், கேட் திறந்ததிலிருந்து கடைசி வரை. எங்கே இடிபட்டது, எவ்வளவு வெளியே சுற்றியது, எப்படி முடித்தது என்று ஒரு நோட்டில் நாலு வரி எழுதுங்கள். மே மாதம் அந்த நோட்டைத் திறந்து பார்க்கும்போது, வெற்றிப் பட்டியல் சொல்லாத பல விஷயங்கள் அதில் இருக்கும்.